நெல் வயலின் நீர் அளவை அறிவிக்கும் மின் ஒலிப்பான்

புதுச்சேரி நகரத்திற்கு வடமேற்கே, ஊசுடு ஏரிக்கு வடபால் அமைந்துள்ளது சேதராப்பட்டு. 1954-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பிரதேசத்தின் எல்லைக் கிராமங்களுள் இதுவும் ஒன்று. இங்கே தொழிற்பேட்டை ஒன்று உண்டு. அதனைச் சுற்றிலும் உள்ள ஊர்களில் நெல், கரும்பு, மணிலா முதலிய பயிர்கள் சாகுபடியாகின்றன. இப்பிரதேசத்தில் ஏரிப் பாசனத்தின் பங்கு குறைந்து, பாசனம் பெரும்பாலும் குழாய்க் கிணறுகளை நம்பியே நடைபெற்று வருகிறது. பூமிக்குள் இருக்கும் நீரை ஆண்டுதோறும் மிகுதியாக இறைத்தால் நீர்மட்டம் இறங்கும் என்பதும், கடற்கரையை அடுத்த ஊர்களில் உவர்நீர் உள்ளே புகும் என்பதும் அனைவரும் அறிந்தவை. ஆதலின் இறைத்த நீரில் ஒரு பகுதியும் வீணாகாமல் காப்பது குடியானவர்களின் முதற் கடமையாகிறது.

நீர் வீணாவது பெரும்பாலும் இரவிலேயாம். மோட்டாரைப் போட்டுவிட்டு உறங்கச் சென்றவர் உரிய வேளையில் எழுந்து அதனை நிறுத்துவது அரிது. இக்குறையை நீக்குவதற்கு, மின்னணுப் பாடம் தொடங்கும் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலாகக் கையாளும் 'பஸ்ஸர்' என்னும் சிறு ஒலிப்பானே போதுமானது. அதனைத் தெரிந்தெடுக்கும் முறையும், பூட்டும் முறையும், நம்பத்தக்க நிலையில் வைத்திருக்கும் முறையும் கீழே விவரிக்கப்படுகின்றன.

1. நஷ்டத்தின் கணக்கு

ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால் 2,02,000 லிட்டர் வேண்டும். விநாடிக்கு 8 லிட்டர் தரும் மோட்டார் மணிக்கு 28,800 லிட்டர் இறைக்கும். எனவே மண் குடிக்கும் நீர் நீங்கலாக, இவ்வேலைக்கு 7 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குத் தொடங்கிய பாசனம் இரவு 1 மணி அளவில் முடிந்துவிடும். காலை 6 மணிக்கு எழுந்து மோட்டாரை நிறுத்துபவர் 5 மணி நேரம் மிகையாக இறைக்கிறார். அவ்வாறு மிகையாக இறைத்த நீர் 1,44,000 லிட்டர். அது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த நிலத்திற்கு மற்றுமொரு பாசனமாகும். 5 குதிரைச் சக்தி மோட்டாரானால், இதற்காக 18 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் செலவாகிறது. இவையன்றி, மேலுரமாக இட்ட யூரியா வரப்பைத் தாண்டி வழியும் நீருடன் கரைந்து அயல் நிலத்திற்கும் ஓடைக்கும் போய்ச் சேர்கிறது.

மண் குடிக்கும் அளவு நிலத்திற்கு நிலம், பருவத்திற்குப் பருவம் வேறுபடும். ஆகையால் கடிகாரத்தை மட்டும் பார்த்து மோட்டாரை நிறுத்துவதும் சரியாகாது. நீர் உரிய உயரத்தை அடைந்தது என்பதை நீரே தெரிவிக்குமாறு செய்வதே தக்க வழி.

2. பஸ்ஸர் என்பது யாது?

பழைய மின்சார மணியில் சுத்தி ஒன்று கிண்ணத்தைத் தட்டும். பஸ்ஸரில் கிண்ணமும் இல்லை, சுத்தியும் இல்லை. மெல்லிய தகடு ஒன்று அதிர்வதனாலேயே ஒலி பிறக்கிறது. அத்தகட்டை அதிரச் செய்யும் முறையை ஒட்டிப் பஸ்ஸர்கள் இருவகைப்படும். ஒருவகையில் கம்பிச் சுருள் காந்தமாகி இரும்புத் தகட்டை இழுத்து விடுகிறது. மற்றொரு வகையில் மின்சாரம் பட்டதும் பீங்கான் போன்ற ஒரு பொருள் தானே வளைந்து நிமிர்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர் கண்டறிந்தனர். மின்சாரத்தைச் செலுத்தினால் அப்படிகங்கள் உருமாறும் என்பதையும் அடுத்த ஆண்டில் அவர்களே சோதித்து உறுதி செய்தனர். இரண்டாம் வகைப் பஸ்ஸர் அக்குணத்தைக் கொண்டே இயங்குகிறது.

வாங்குபவர் அறிய வேண்டிய பிரிவு வேறொன்று உண்டு. 'ஆக்டிவ்' என்பது தானே ஒலிப்பது. பாட்டரியுடன் சேர்த்த உடனே தொடர்ந்து ஒலிக்கும். 'பாஸிவ்' என்பது பிறிதொரு கருவி ஏவ ஒலிப்பது. விநாடிக்கு 2,000 முறை அளவில் மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தினாலன்றி ஒலிக்காது. பாட்டரியுடன் சேர்த்தால் 'டிக்' என்று ஒரு முறை சத்தமிட்டு அடங்கும். வயல் வேலைக்குத் தானே ஒலிப்பதே ஏற்றது. கடையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவில் இருக்குமாதலால், பாட்டரியால் சோதித்தே வாங்குதல் வேண்டும். மேற்புறத்தில் துளையை மூடிக் காகிதம் ஒட்டியிருந்தால் அதனைப் பிரித்துவிட வேண்டும். இல்லையேல் ஒலி மங்கிக் கேட்கும்.

3. மாட்யூலும் அதன் மூன்று கால்களும்

சிறு பலகையின்மேல் பஸ்ஸரும், டிரான்ஸிஸ்டர் ஒன்றும், அதற்குரிய மின்தடையும் பொருத்தி விற்கப்படுவதே பஸ்ஸர் மாட்யூல். அதற்கு மூன்று கால்கள் உண்டு. 'வி.சி.சி.' என்று குறித்தது நேர்க் கால், 'ஜி.என்.டி.' என்று குறித்தது எதிர்க் கால், 'ஐ.ஓ.' அல்லது 'எஸ்' என்று குறித்தது ஏவு கால்.

டிரான்ஸிஸ்டரின் தொழிலை ஏரி மதகைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். மதகின் திருகைத் திருப்ப ஒருவரின் கைவலி போதும். அதனால் பாயும் நீரோ பல ஏக்கருக்கு உதவும். அவ்வாறே ஏவு காலில் மிகச் சிறிய மின்னோட்டம் சென்றாலும், அது பஸ்ஸருக்கு வேண்டிய பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது. சிறு பஸ்ஸர் ஒலிக்க 30 மில்லி ஆம்பியர் வரை தேவைப்படும். வயல் நீரின் வழியே அவ்வளவு மின்னோட்டம் செல்லாது. ஒரு மில்லி ஆம்பியர் அளவே செல்லும். ஆதலால் டிரான்ஸிஸ்டர் இல்லாத மாட்யூல் இவ்வேலைக்கு ஆகாது.

மாட்யூலைச் சோதிக்கும் முறை: 1.5 வோல்ட் பாட்டரிகள் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். அதன் நேர் முனையை நேர்க் காலுடனும் எதிர் முனையை எதிர்க் காலுடனும் சேர்த்து, ஏவு காலை வெறுமனே விட வேண்டும். பின்னர் ஏவு காலிலிருந்து வரும் கம்பியால் எதிர்க் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்போது ஒலித்தால் அது முதல் வகை. ஒலிக்காவிடில் நேர்க் காலைத் தொட்டுப் பார்க்க, அப்போது ஒலிப்பது இரண்டாம் வகை. கடைகளில் முதல் வகையே மிகுதி. இதனை அறியாமல் பூட்டுபவர்கள், ஒலிக்க வேண்டாத வேளையில் ஒலிக்கிறதென்றும், வேண்டிய வேளையில் ஒலிக்கவில்லையென்றும் கருவியைக் குறை கூறுவர்.

அடுத்து, எந்த இரண்டு கம்பிகளைத் தொட்டபோது ஒலித்ததோ அவ்விரண்டையும் ஒரு குவளைக் கிணற்று நீரில் விரலிடை தூரம் விட்டு அமிழ்த்த வேண்டும். முன்போலவே உரக்க ஒலித்தால் மாட்யூலில் டிரான்ஸிஸ்டர் உள்ளது என்று கொள்ளலாம். மெல்ல முனகினாலும், ஒலிக்காவிடினும் அதனைத் தள்ளிவிட வேண்டும்.

4. தேவையான சாமான்கள்

(அ) மேற்கண்ட சோதனையில் தேறிய பஸ்ஸர் மாட்யூல் 1.
(ஆ) 1.5 வோல்ட் பாட்டரி 3, அவற்றை வைக்கும் கூடு 1.
(இ) சிறு சுவிட்சு 1.
(ஈ) 10 கிலோ ஓம் மின்தடை 1.
(உ) துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி 2. தீர்ந்துபோன பழைய மாதிரிப் பாட்டரியின் நடுவிலுள்ள கரிக்குச்சிகளும் உதவும்.
(ஊ) வயலிலிருந்து வீடு அல்லது களம் வரை எட்டும் இரட்டைக் கம்பி.
(எ) 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு 1.

செப்புக் கம்பியையே நீரில் விடலாகாது. ஒரே திசையில் மின்சாரம் செல்லுமிடத்து நேர்ப்பக்கத்துச் செம்பு நாளடைவில் அரித்துப் பச்சைக் களிம்பாகும். பின்னர் நீர் பட்டாலும் ஒலி எழாது.

5. பூட்டும் விதம்

பாட்டரியின் நேர் முனையைச் சுவிட்சின் வழியாக நேர்க் காலுக்கும், எதிர் முனையை எதிர்க் காலுக்கும் சேர்க்க வேண்டும். முதல் வகை மாட்யூலானால் இரட்டைக் கம்பியின் ஓர் இழையை ஏவு காலிலும் மற்றோர் இழையை எதிர்க் காலிலும் முடுக்கி, 10 கிலோ ஓம் மின்தடையை ஏவு காலுக்கும் நேர்க் காலுக்கும் இடையே வைக்க வேண்டும். இரண்டாம் வகையானால் இழைகளை ஏவு காலிலும் நேர்க் காலிலும் முடுக்கி, மின்தடையை ஏவு காலுக்கும் எதிர்க் காலுக்கும் இடையே வைக்க வேண்டும். நீண்ட கம்பி பக்கத்து மின்கம்பியின் அதிர்வை ஏற்று வீணே கீச்சிடாமல் தடுப்பதே இம்மின்தடையின் பயன்.

வயலின் பக்கம், இழை ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு திருகாணியைக் கட்டி, இரண்டையும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் பிளாஸ்டிக் அல்லது உலர்ந்த மரத் துண்டில் நிறுத்த வேண்டும். கம்பியில் இடையே இணைப்பு இல்லாதிருத்தல் நலம். இணைப்பு இருந்து அதில் ஈரம் புகுந்தால், வயலில் நீர் ஏறாமலே பஸ்ஸர் ஒலிக்கும். இரண்டு முறை பொய்யாக அழைத்த கருவியை மூன்றாம் முறை எவரும் மதியார்.

6. வயலில் நிறுத்தும் இடம்

பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், வயலில் எப்போதும் நீர் தேக்காமல் நனைத்தும் காயவிட்டும் பாய்ச்சும் முறையைப் பரப்பியது. அம்முறைக்கெனக் கண்ட துளைக் குழாயே இங்கும் பயன்படுகிறது. குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இருக்குமாறு புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிட வேண்டும். மண்ணுக்கு மேலே நிற்கும் பகுதியிலும் தரையை ஒட்டிச் சில துளைகள் இடுதல் அவசியம். குழாய்க்குள் நீர் 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு இறங்கியபின் மறுபடி பாய்ச்சி, வயலில் 5 சென்டிமீட்டர் நீர் நின்றதும் நிறுத்துவது முறை. நட்ட முதல் இரு வாரங்களிலும், பூக்கும் பருவத்திற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலைக் காயவிடலாகாது.

நீர் இறங்கியதைக் குச்சியால் அளந்து பகலிலேயே பார்த்துக்கொள்ளலாம். நீர் ஏறியதை அறிவிப்பதே பஸ்ஸரின் வேலை. ஆகவே திருகாணிகளின் நுனி மண்மட்டத்திற்கு மேல் சரியாக 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமாறு மரத்துண்டைக் குழாய்க்குள் பொருத்த வேண்டும். குழாய்க்குள் வைப்பதனால் நெல் தாளும், பாசியும், நத்தையும் திருகாணிகளைத் தொடா.

குழாயை வாமடையின் அருகே புதைத்தால் வயலின் மறுகோடி நனையுமுன்னரே பஸ்ஸர் ஒலித்துவிடும். மறுகோடியில், வரப்பிலிருந்து சில அடி உள்ளே தள்ளிப் புதைப்பதே சரி. மேடு பள்ளமுள்ள வயலில் எந்த இடத்தில் வைத்தாலும் அளவு பொய்க்கும். பரம்படித்துச் சமன் செய்த வயலுக்கே இக்கருவி பயன்படும்.

7. ஒலிப்பானை எங்கே வைப்பது?

புதிதாகப் பூட்டுபவர் பலர் பஸ்ஸரைக் கிணற்றடியிலோ வரப்பிலோ வைத்துவிடுவர். வீட்டில் இருப்பவருக்கு அது கேளாது. சிறு பஸ்ஸரின் ஒலி 10 சென்டிமீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் அளவில் இருக்கும். திறந்த வெளியில் தூரம் பத்து மடங்கானால் ஒலி 20 டெசிபெல் குறையும். அதன்படி 1 மீட்டரில் 65, 10 மீட்டரில் 45, 100 மீட்டரில் 25 டெசிபெல் ஆகிறது. தவளையும் சில்வண்டும் கத்தும் இரவில் 25 டெசிபெல் ஒலி காதில் விழாது.

ஆதலால் திருகாணிகள் மட்டும் வயலில் இருக்க, மாட்யூலும் பாட்டரியும் படுக்கைக்கு அருகே இருத்தல் வேண்டும். கம்பி 100 மீட்டர் நீண்டாலும் அதன் தடை சில ஓம்களே. நீரின் தடையை நோக்க அது பொருட்படுத்தத் தக்கதன்று. கம்பியை மோட்டார்க் கம்பியுடன் சேர்த்துக் கட்டாமல், தனி முளைகளின்மேல் கொண்டு வருதல் வேண்டும். வரப்பில் தரையோடு விட்டால் எலி கடிக்கும், மண்வெட்டியும் படும்.

8. உயிருக்கு அபாயம் நேராமல் காத்தல்

இக்கருவியைப் பாட்டரியால் மட்டுமே இயக்க வேண்டும். பாட்டரிக்குச் செலவாகிறதே என்று கைபேசிச் சார்ஜரைப் பூட்டுவது கொடிய தவறாகும். மலிவான சார்ஜரில் உட்காப்பு கெட்டால் 230 வோல்ட் மின்சாரம் அக்கம்பி வழியே நீர் நின்ற வயலுக்கு வந்துவிடும். அதில் கால் வைத்தவர் உயிர் பிழைப்பது அரிது. செலவைக் கருதினாலும் சார்ஜருக்குத் தேவையில்லை. நீர் திருகாணியைத் தொடாத வரையில் பாட்டரியிலிருந்து மின்சாரம் செலவாவது இல்லை என்றே சொல்லலாம்.

பஸ்ஸர் ஒலித்ததும் மோட்டார் தானே நிற்குமாறு ஸ்டார்ட்டருடன் இணைக்க விரும்புவோர் உண்டு. அது 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தைத் தொடும் வேலை. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டன்றிச் செய்விக்கலாகாது. இடி மின்னல் காலத்தில் நீண்ட கம்பியை மாட்யூலிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

9. ஒலியாத கருவியும் மௌனமே

பஸ்ஸர் மௌனமாக இருப்பதற்குக் காரணம் இரண்டு. நீர் இன்னும் ஏறவில்லை என்பது ஒன்று. பாட்டரி தீர்ந்தது, கம்பி அறுந்தது, திருகாணியில் களிம்பு ஏறியது என்பவற்றுள் ஏதோ நேர்ந்துவிட்டது என்பது மற்றொன்று. படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கருவி இல்லாதபோது கவலையுடன் ஒரு முறையாவது எழுந்து பார்த்தவர், கெட்டுப்போன கருவியை நம்பி விடியும்வரை உறங்கிவிடுவார். அப்போது நஷ்டம் முன்னிலும் அதிகமாகும். ஆகையால் பின்வரும் மூன்று விதிகளையும் தவறாமல் அனுசரித்தல் வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு முறையும் மோட்டார் போடுமுன் சுவிட்சைப் போட்டுவிட்டு, வயலில் ஒருவர் ஈரத்துணியால் இரு திருகாணிகளையும் சேர்த்துத் தொட, வீட்டில் மற்றொருவர் ஒலி வருகிறதா என்று கேட்க வேண்டும். மாட்யூலின் அருகே கம்பிகளைத் தொட்டுப் பார்ப்பது போதாது. அது வழியிலுள்ள கம்பியைச் சோதிப்பதாகாது.

இரண்டாவது, ஒலித்து மோட்டாரை நிறுத்தியபின் சுவிட்சையும் நிறுத்திவிட வேண்டும். வயலில் நீர் நிற்கும் நாள் முழுதும் பஸ்ஸர் ஒலித்துக்கொண்டிருந்தால் பாட்டரி தீர்ந்துபோகும், திருகாணியும் அரிக்கும்.

மூன்றாவது, இத்தனை மணிக்குள் ஒலிக்க வேண்டும் என்று முதற் கணக்கின்படி ஒரு நேரத்தை மோட்டார்க் கொட்டகைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். மண் குடிக்கும் நீருக்காக ஓரிரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். அந்நேரம் கடந்தும் ஒலி வராவிடில் நேரே சென்று பார்த்தல் வேண்டும்.

10. கிராமப் பொதுக் காரியங்களில் உபயோகம்

குடிநீர் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவது ஊர்தோறும் காணும் குறை. தொட்டியின் நிறைமட்டத்திற்கு நான்கு விரல் கீழே திருகாணிகளை நிறுத்தி, மாட்யூலை மோட்டார் இயக்குபவர் இருக்குமிடத்தில் வைத்தால் வழிவதைத் தடுக்கலாம். குடிநீரில் துருப்பிடிக்காத எஃகையன்றி வேறு உலோகத்தை விடலாகாது. கொம்யூன் பஞ்சாயத்து ஊழியரும் கிராம நிர்வாக அதிகாரிகளும் இதனை உள்ளூர்ப் பள்ளி மாணவரைக் கொண்டே பூட்டுவிக்கலாம். எட்டாம் வகுப்பு மாணவர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கத்தக்க வேலையே இது. ஆயினும் தொட்டியின்மேல் ஏறும் வேலையை மாணவரிடம் விடாமல் ஊழியரே செய்தல் வேண்டும்.

11. செய்து பார்க்கும் முறை

எல்லா வயலிலும் ஒரேயடியாகப் பூட்ட வேண்டுவதில்லை. சமமான நிலமும் ஒரே ரக நெல்லும் உள்ள இரண்டு வயல்களைத் தெரிந்துகொண்டு, ஒன்றில் கருவியை வைத்து மற்றொன்றில் வழக்கப்படி பாய்ச்சி வரலாம். பாய்ச்சிய தேதி, மோட்டார் போட்ட மணி, நிறுத்திய மணி ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அறுவடையில் இரு வயல்களின் மகசூலையும் தனித்தனியே நிறுத்து, அதையும் பதிந்து வைக்க வேண்டும். மோட்டார் ஓடிய மணி குறைந்து மகசூல் குறையாதிருந்தால், அடுத்த போகத்தில் மற்ற வயல்களுக்கும் இதனை விரிவாக்கலாம். மகசூல் குறையுமாயின் திருகாணியின் உயரத்தையும் வயலின் சமநிலையையும் மறுபடி அளந்து திருத்த வேண்டும். புதுச்சேரி வட்டாரத்துக் குடியானவர்கள் அக்குறிப்புப் புத்தகத்தைக் குரும்பாப்பட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்கு எடுத்துச் சென்று, தத்தம் மண்ணுக்கு ஏற்ற பாசன இடைவெளியைக் கேட்டறிந்து பயன் அடையலாம்.